கூட்டருகே ஒரு கேமரா: பறவைப் படங்களின் வரலாறும் வகுப்பில் நான் செய்த பிழையும்



போன ஆண்டு உயர்நிலை 2 மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தேன். வீட்டுப் பக்கத்தில் பார்க்கும் ஒரு பறவையைக் கைப்பேசியில் படம் பிடித்து, அதைப் பற்றி ஒரு நிமிடம் தமிழில் பேச வேண்டும். வாய்மொழிப் பயிற்சிக்கு நல்ல உத்தி என்று எனக்கே உள்ளூர ஒரு சந்தோஷம்.

பாதிப் பேர் மைனாவும் புறாவும் கொண்டு வந்தார்கள். ஒரு மாணவி மட்டும் தேன்சிட்டுக் கூட்டைப் படம் பிடித்து வந்திருந்தாள். அவள் வீட்டு வாசல் தாழ்வாரத்தில், பூந்தொட்டிச் செடியில் தொங்கிய கூடு. உள்ளே இரண்டு குஞ்சுகள், வாயைப் பிளந்தபடி. படம் அவ்வளவு தெளிவு. வகுப்பே கைதட்டியது. நானும்தான் தட்டினேன்.

அடுத்த வாரம் வந்து, "டீச்சர், கூடு காலியா இருக்கு" என்றாள். குஞ்சுகளுக்கு இன்னும் இறகுகூடச் சரியாக முளைக்கவில்லை. விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. வெளிச்சம் போதவில்லை என்று கூட்டை மறைத்த இலைகளைக் கிள்ளியிருக்கிறாள். தொட்டியை வெயில் பக்கம் நகர்த்தி வைத்திருக்கிறாள். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை கிட்டப் போய் எடுத்திருக்கிறாள். காக்கை தூக்கியதோ, வெயில் தாங்கவில்லையோ, தாய்ப்பறவைதான் பயந்து போனதோ, உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்த வேலையைக் கொடுத்தது நான். நல்ல படம் என்று கைதட்டியதும் நான்.

அவளைச் சமாதானப்படுத்துவதற்காகத்தான் பறவைகளைப் படம் பிடித்தவர்களின் வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. அவள் செய்தது புதிய தவறு இல்லை. 130 ஆண்டுப் பழக்கம் ஒன்று அவள் கைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்தக் கதையை இங்கே பகிர்கிறேன்.

தூரிகையும் துப்பாக்கியும்

கேமரா வருவதற்கு முன்னால் ஒரு பறவையை எப்படிப் பதிவு செய்தார்கள்? நம் வட்டாரத்திலேயே இரண்டு நல்ல எடுத்துக்காட்டுகள் உண்டு.

ஒன்று, வில்லியம் ஃபார்குவார். சிங்கப்பூரின் முதல் ரெசிடெண்ட் என்று சமூகவியல் பாடத்தில் நம் பிள்ளைகள் படிக்கிற அதே ஆள். அதற்கு முன் மலாக்காவில் இருந்த காலத்தில், சீன ஓவியர்களைக் கொண்டு இந்த வட்டாரத்துச் செடிகளையும் விலங்குகளையும் பறவைகளையும் நீர்வண்ண ஓவியங்களாக வரைய வைத்தார். மொத்தம் 477 ஓவியங்கள். அவை இன்று சிங்கப்பூர் தேசிய அரும்பொருளகத்தின் சேகரிப்பில் இருக்கின்றன. வரைந்தவர்களின் பெயர்கள்தான் நமக்குக் கிடைக்கவில்லை.

இன்னொன்று, ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ். 1854-இல் சிங்கப்பூர் வந்து, புக்கிட் தீமா காட்டில் பூச்சி பிடித்தவர். எட்டு ஆண்டுகள் இந்தத் தீவுக்கூட்டத்தைச் சுற்றி அவர் சேகரித்தவை 1,25,660 மாதிரிகள். அதில் பறவைகள் மட்டும் 8,050. எல்லாம் உயிரற்ற உடல்கள். அன்றைக்கு ஒரு பறவையை "அறிவது" என்றால் சுடுவது, தோலை உரிப்பது, பஞ்சை அடைப்பது என்றுதான் பொருள். அவரைக் கொடுமைக்காரர் என்று சொல்லிவிட முடியாது. அன்றைய அறிவியலுக்கு வேறு வழி இல்லை.

வாலஸுக்காகப் பெரும்பாலான பறவைகளைச் சேகரித்துக் கொடுத்தவர் சரவாக்கைச் சேர்ந்த அலி என்ற மலாய் இளைஞர். 1862-இல் ஊர் திரும்பும் முன், சிங்கப்பூரில் அலியை ஒரு புகைப்படம் எடுக்க வைத்தார் வாலஸ். அந்தப் படம் இன்றும் இருக்கிறது. யோசித்துப் பாருங்கள். அலி அசையாமல் உட்கார்ந்தார், படம் விழுந்தது. அவர் பின்தொடர்ந்த பறவைகள் அப்படி உட்காருமா? கேமரா இருந்தும் பறவைகளுக்கு அது பயன்படாமல் போனதற்கு இதுதான் காரணம்.

முதலில் ஏன் கூடு?

அந்தக் காலத்துக் கண்ணாடித் தகடுகள் வெளிச்சத்தை மெதுவாகத்தான் வாங்கும். தூரத்தில் இருப்பதைக் கிட்ட இழுத்துக் காட்டும் லென்ஸும் சாதாரண ஆளுக்குக் கிடைக்காது. அதனால் பறவைப் படம் எடுக்க இரண்டு நிபந்தனைகள்: பறவை அசையக் கூடாது, கேமரா கிட்டப் போக வேண்டும். இரண்டும் ஒன்றாக அமையும் ஒரே இடம் கூடு. முட்டை அசையாது. தாய் எங்கே பறந்தாலும் அங்கேதான் திரும்பி வரும்.

1892-இல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் என்ற சகோதரர்கள் முட்டைகளோடு இருந்த ஒரு பறவைக் கூட்டைப் படம் எடுத்தார்கள். யார்க்ஷயர் கிராமப்புறத்தில் வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். மூன்று ஆண்டுகளில், 1895-இல், பிரிட்டிஷ் பறவைகளின் கூடுகளைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார்கள். அதன் படங்கள் எல்லாமே வயல்வெளியில், இயற்கைச் சூழலில் எடுத்தவை. அதற்கு முன் அப்படி ஒரு நூல் வந்ததில்லை.

பறவைக்குத் தெரியாமல் கிட்டப் போக அவர்கள் பட்ட பாடு இருக்கிறதே! 1900-இல் ஒரு மாட்டுத் தோலைப் பதப்படுத்தி, உள்ளே குடைந்து, ஆள் நுழையும் பொம்மை மாடாக்கி, அதற்குள் கேமராவோடு நின்றார்கள். மேய்கிற மாட்டைக் கண்டு பறவை பயப்படாதில்லையா? மாணவர்களிடம் இந்தப் படத்தைக் காட்டினால் சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆகும். நான் காட்டிப் பார்த்திருக்கிறேன்.

பின்னால் வந்தவர்கள் துணியால் சிறு கூடாரம் போன்ற மறைவிடம் கட்டினார்கள். நல்ல புகைப்படக்காரர்கள் அதை முதல் நாளே கூட்டருகே வைக்க மாட்டார்கள். தூரத்தில் வைத்து, நாளுக்குக் கொஞ்சமாகக் கிட்டக் கொண்டு வருவார்கள். உள்ளே நுழையும்போது இரண்டு பேர் போவார்கள். ஒருவர் உள்ளே தங்குவார், மற்றவர் எல்லாருக்கும் தெரியும்படி நடந்து போய்விடுவார். ஆள் போய்விட்டான் என்று நம்பிப் பறவை கூட்டுக்குத் திரும்பும். கூட்டை மறைக்கும் கிளையை வெட்ட மாட்டார்கள். கயிற்றால் ஒதுக்கிக் கட்டி, படம் எடுத்ததும் அவிழ்த்துப் பழையபடி விட்டுவிடுவார்கள். எல்லாரும் இவ்வளவு பொறுமைசாலிகள் இல்லை. கிளையை ஒடித்தவர்களும் இருந்தார்கள். மறைப்பு போன கூட்டில் வெயில் நேரே விழும், காக்கை கண்ணுக்கும் படும். என் மாணவியின் தொட்டியில் நடந்தது இதேதான்.

எரிக் ஹாஸ்கிங் என்ற ஆங்கிலேயர் கொடுத்த விலை வேறு மாதிரி. 1937-இல் வேல்ஸில், இரவு நேரத்தில் ஓர் ஆந்தைக் கூட்டருகே இருந்த தன் மறைவிடத்துக்குப் போனார். குஞ்சுகளைக் காக்கத் தாய் ஆந்தை பாய்ந்தது. இடது கண் போயிற்று. அப்போது அவருக்கு வயது 27. அதன் பிறகும் அவர் பறவைகளைப் படம் எடுப்பதை விடவில்லை. அந்த ஆந்தை மேல் குறை சொல்ல நமக்கு என்ன இருக்கிறது? கூடு என்பது ஒரு தாய் உயிரைக் கொடுத்துக் காக்கும் இடம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நம் ஊர்க்காரர் ஒருவர்

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். லோக் வான் தோ என்ற பெயரைச் சினிமா ஆர்வலர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். கேத்தே நிறுவனத்தின் அதிபர். 1915-இல் கோலாலம்பூரில் பிறந்தவர். தந்தை லோக் யூ, மலாயாவின் பெரும் செல்வந்தர்களில் ஒருவர். மகன் சுவிட்சர்லாந்திலும் கேம்பிரிட்ஜிலும் படித்தார். 1939-இல் சிங்கப்பூரில் கேத்தே திரையரங்கு திறந்தபோது அவருக்கு 24 வயது.

1942 பிப்ரவரியில் ஜப்பானியர் நெருங்கி வர, சிங்கப்பூரை விட்டுக் கப்பலில் தப்பினார். கப்பல் குண்டுவீச்சுக்கு உள்ளானது. கடுமையான தீக்காயம், பார்வையும் தற்காலிகமாகப் போயிற்று. உயிர் பிழைத்து, ஜாவா வழியாக இந்தியா போய்ச் சேர்ந்தார். அங்கேதான் பறவையியலாளர் சாலிம் அலியின் நட்பு கிடைத்தது. போர் முடியும்வரை ஊர் திரும்ப வழியில்லை. அலியோடு பறவைகளைத் தேடிப் போனார். பார்வையை இழந்து மீண்ட ஒருவர் கண்ணும் கேமராவுமாக அலைந்தார் என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

சாலிம் அலியின் கதையும் துப்பாக்கியில்தான் தொடங்குகிறது. சிறுவனாக இருந்தபோது சுட்ட ஒரு சிட்டுக்குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறம் தெரிந்தது. அது என்ன பறவை என்று கேட்டுப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வாசலுக்குப் போனதுதான் அவர் வாழ்க்கையைத் திருப்பியது. தன் வரலாற்று நூலுக்கே ஒரு குருவியின் வீழ்ச்சி என்ற பொருளில் தலைப்பு வைத்தார். அவரிடம் பழகிய லோக் கையில் எடுத்ததோ கேமரா.

போருக்குப் பின் லோக் இங்கே திரும்பி, திரையரங்குத் தொழிலைப் பெரிதாக வளர்த்தார். மலாயன் ஏர்வேஸுக்கும் தலைவராக இருந்தார். அத்தனை வேலைக்கு நடுவிலும் பறவைகளை விடவில்லை. அலியின் ஆய்வுப் பயணங்களுக்குப் பண உதவி செய்தார். 1957-இல் 'எ கம்பெனி ஆஃப் பேர்ட்ஸ்' என்ற அவருடைய நூல் லண்டனில் வெளிவந்தது. நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் மின்னும் அதிவேக ஃபிளாஷ் அப்போது புதிது. சிறகடிப்பைக்கூட உறைய வைக்கும் அந்தக் கருவியை இந்தப் பக்கம் பறவைகளுக்குப் பயன்படுத்திய முன்னோடிகளில் அவர் ஒருவர்.

1964 ஜூன் 20 அன்று, தைவானில் திரைப்பட விழாவுக்குப் போன இடத்தில், விமான விபத்தில் மனைவியோடு இறந்தார். 49 வயது நிறைந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

காட்டோடு சேர்த்துப் பார்த்தவர்

லோக்கின் காலத்திலேயே வாழ்ந்த இன்னொருவர் மா. கிருஷ்ணன். தமிழாசிரியர்களுக்கு இவரை அறிமுகப்படுத்த ஒரு சுலபமான வழி உண்டு. 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் கடைசிப் பிள்ளை. 1912-இல் திருநெல்வேலியில் பிறந்தவர். 13 வயதில் தந்தையை இழந்தார். சென்னையில் தாவரவியலும் பிறகு சட்டமும் படித்தார். லோக்கிடம் இருந்த செல்வம் இவரிடம் இல்லை.

கேமராவே அதற்குச் சாட்சி. பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தாமே ஒன்றை உருவாக்கிக்கொண்டு, அதற்கு 'சூப்பர் பாண்டெரோசா' என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்திருந்தார். கடைசிவரை கறுப்பு வெள்ளைதான். யானை, காட்டெருமை, மான், பறவை என்று தென்னிந்தியக் காடுகளில் அவர் எடுத்த படங்களைப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். விலங்கு மட்டும் படத்தை அடைத்துக்கொண்டு நிற்காது. அது நிற்கும் புல், மரம், நீர்த்துறை எல்லாம் கூடவே இருக்கும். இந்த விலங்கு வாழும் இடம் இது, இதைப் பிரித்தால் இது இல்லை என்று படமே சொல்லும்.

எழுத்திலும் அப்படியே. கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950 முதல் 'கன்ட்ரி நோட்புக்' என்ற பத்தியை எழுதினார். 1996 பிப்ரவரி 18-இல் அவர் இறந்த அன்றும் அந்தப் பத்தி வெளிவந்தது. 46 ஆண்டுகள்! தமிழிலும் எழுதினார். சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்த 'மழைக்காலமும் குயிலோசையும்' நூலில் அவருடைய தமிழ்க் கட்டுரைகள் கிடைக்கின்றன. பறவையையும் விலங்கையும் பற்றித் தமிழில் அழகாக, துல்லியமாக எழுத முடியுமா என்று சந்தேகப்படும் மாணவருக்கு இந்த நூலைக் கையில் கொடுக்கலாம்.

லோக் பெரிய ஆள், கிருஷ்ணன் நல்ல ஆள் என்று நான் பிரிக்க வரவில்லை. கிட்டப் போனால்தான் பறவையின் ஒவ்வோர் இறகும் தெரியும். அதைக் காட்டித்தான் பலரைப் பறவைகள் பக்கம் இழுத்தார்கள். தள்ளி நின்றால்தான் அது வாழும் இடம் தெரியும். இரண்டும் தேவை. ஆனால் எந்த இடத்தில், எந்தப் பருவத்தில் கிட்டப் போகிறோம் என்பதுதான் கேள்வி.

தேவை போனது, பழக்கம் போகவில்லை

கியர்ட்டன் சகோதரர்கள் கூட்டருகே போனதற்கு அவர்களுடைய கருவி ஒரு காரணம். இன்று அந்தக் காரணம் இல்லை. நூறு மீட்டருக்கு அப்பால் இருக்கும் மீன்கொத்தியின் கண்ணை எடுக்கும் லென்ஸ்கள் இருக்கின்றன. ஒரு நொடியில் இருபது படம் எடுக்கும் கேமராக்கள் இருக்கின்றன. கூட்டை விட்டால் வேறு வழியில்லை என்று இன்று யாரும் சொல்ல முடியாது.

ஆனாலும் சிங்கப்பூரில் ஒரு பூங்காவில் ஆந்தையோ இருவாச்சியோ கூடு வைத்துவிட்டால் போதும். செய்தி பரவி, அடுத்த நாளே முக்காலிகள் வரிசை கட்டும். இரை வைத்துப் பறவையை இழுப்பவர்களும், பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டு அழைப்பவர்களும் உண்டு. தன் எல்லைக்குள் வேறு பறவை வந்துவிட்டது என்று நினைத்து, குஞ்சை விட்டுவிட்டு அது சண்டைக்குப் பறந்து வரும். இல்லாத எதிரியோடு என்ன சண்டை? 2020 ஜூன் முதல் நடப்பில் உள்ள வனவிலங்குச் சட்டப்படி, அனுமதியின்றி வனவிலங்குகளுக்கு உணவளிப்பது சிங்கப்பூரில் குற்றம். குரலை ஒலிப்பது, இலையைக் கிள்ளுவது போன்றவற்றையெல்லாம் சட்டம் பார்த்துக்கொண்டே இருக்க முடியாது. அதைக் கற்றுக்கொடுக்க வேண்டியது நாம்தான்.

நல்ல மாற்றத்துக்கும் எடுத்துக்காட்டு இருக்கிறது. சுங்கை பூலோ சதுப்புநிலத்தைக் காக்க வேண்டும் என்று 1980-களில் இயற்கை ஆர்வலர்கள் அரசிடம் எடுத்துச் சொன்னார்கள். 1993-இல் அது பூங்காவாகத் திறக்கப்பட்டது. 2002-இல் இயற்கை வனப்பகுதி என்ற சட்டப் பாதுகாப்பும் கிடைத்தது. அங்கே மரத்தால் கட்டிய பார்வை மறைவிடங்கள் இருக்கின்றன. பொம்மை மாட்டுக்குள் ஒளிந்த அதே யோசனைதான், ஆனால் ஒரு வேறுபாடு. இங்கே மறைவிடம் இடம் மாறாது, பறவைதான் தன் விருப்பத்துக்கு வந்து போகும். செப்டம்பரிலிருந்து மார்ச் வரை வடக்கிலிருந்து வரும் கரைப்பறவைகளைக் கூட்டின் பக்கமே போகாமல் பார்க்கலாம், படமும் எடுக்கலாம். அவை இங்கே கூடு வைப்பதே இல்லை!

வகுப்பில் பயன்படுத்த

அந்த வேலையை நான் கைவிடவில்லை. விதிகளை மட்டும் மாற்றினேன். கூடு, முட்டை, குஞ்சு படம் எடுக்கக் கூடாது. ஃபிளாஷ் கூடாது. பறவை பறந்துவிட்டால் அது உங்கள் தவறு, மதிப்பெண் குறையும். பறவையின் சூழலும் படத்தில் தெரிய வேண்டும். கடைசி விதி கிருஷ்ணனிடமிருந்து எடுத்தது.

கலந்துரையாடலுக்கு மூன்று கேள்விகள்:

1. வாலஸ் பறவைகளைச் சுட்டார், கியர்ட்டன் சகோதரர்கள் கூட்டருகே ஒளிந்தார்கள். இருவரையும் இன்றைய அளவுகோலால் மதிப்பிடுவது சரியா? காரணம் கூறுக.

2. ஒரு படம் எப்படி எடுக்கப்பட்டது என்று தெரியாமல் அதைப் பாராட்டலாமா?

3. உங்கள் வட்டாரத்தில் உள்ள ஐந்து பறவைகளின் தமிழ்ப் பெயர்களை உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதுக. நூலில் உள்ள பெயரோடு ஒப்பிடுக.

இரண்டாவது கேள்வி உண்மையில் எனக்குத்தான். கைதட்டுவதற்கு முன்னால் நான் கேட்டிருக்க வேண்டியது அது.

அந்த மாணவி இந்தத் தடவை கொண்டு வந்த படத்தில் ஒரு மாங்குயில். மழை மரத்தின் பெரிய கிளையில் மஞ்சளாய் ஒரு புள்ளி, அவ்வளவுதான். பின்னால் அவள் வீவக அடுக்குமாடி, துணி காயும் கம்பங்கள். வகுப்பில் யாரும் கைதட்டவில்லை. ஆனால் அவள் ஒரு நிமிடம் பேச வேண்டிய இடத்தில் மூன்று நிமிடம் பேசினாள். அது எத்தனை மணிக்கு வருகிறது, எந்தக் கிளையில் உட்காருகிறது, காக்கை வந்தால் என்ன செய்கிறது என்று எல்லாம் சொன்னாள். கூடு எங்கே என்று ஒரு பையன் கேட்டான்.

"தெரியும். சொல்ல மாட்டேன்" என்றாள்.

உங்கள் பள்ளியில் இதைச் செய்து பார்த்தால், மாணவர்கள் சேகரிக்கும் பறவைப் பெயர்களை நம் மடலுக்கு அனுப்புங்கள். ஒரு பட்டியலாகத் தொகுத்தால் எல்லாருக்கும் பயன்படும்.